அடுத்தவர் ஊரின் நாவல்

வாசிப்பதற்கு நல்ல நாவலொன்று சொல்லுங்கள் என்று கேட்பவர்களிடம், நீங்கள் எந்த ஊர் என்றுதான் நான் முதலில் வினவுவேன். ஊருக்கும் நாவலுக்கும் என்ன தொடர்பு என்ற ஐயம் அவர்களுக்கு எழுவது இயல்பே. அவரவர் ஊரைச் சேராத நாவலைச் சிபாரிசு செய்வது என் வழக்கம்.

பத்திரிகைத் தொழிலில் இருந்துகொண்டு நம்மவரின் இலக்கிய உரையாடல்களை நீண்டகாலமாகக் கேட்டு வருகிறேன். பிடித்த நாவல்கள் என்றதும் தமிழகத்துப் பெயர்கள் முதலில் வரும். அதில் தவறில்லை. ஜானகிராமனையும் ஜெயகாந்தனையும் ஒதுக்கிவிட்டுத் தமிழ் நாவலைப் பற்றிப் பேச இயலாது. அடுத்ததாகச் சொந்த ஊர் வரும். அத்துடன் பட்டியல் முடிந்துவிடும். கும்பகோணத்துத் தெருக்களை நாவல்கள் வழியே அறிந்த நாம், பதுளைத் தோட்டத்து லயன்களை அறியாதிருக்கிறோம். ஆனால் ஈழத்து நாவலின் தொடக்கம் ஓர் ஊருக்குள் அடங்கியதன்று. 1885 இல் 'அசன்பேயுடைய கதை'யை எழுதிய சித்திலெவ்வை கண்டியைச் சேர்ந்த முஸ்லிம் அறிஞர்.

யாழ்ப்பாணத்தவருக்கு நான் சொல்வது தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' (1974). 1964 இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 மலையகத் தமிழரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. செய்தியில் அது ஓர் இலக்கம். அந்த இலக்கத்துக்குள் இருந்த மனிதர் தோட்டத்தில் எப்படி வாழ்ந்தனர் என்பதை அறிய நாவலிடமே செல்லவேண்டும்.

மலையகத்தவருக்கும் கொழும்பில் வளர்ந்தவர்களுக்கும் அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' (1973). வன்னிக் காட்டின் விளிம்பில் உள்ள தண்ணிமுறிப்பே இதன் களம். காடு வெட்டி, வயல் திருத்தி வாழ்ந்த மனிதரின் அன்பையும் தடுமாற்றத்தையும் ஆரவாரமின்றிச் சொல்லும் கதை. 1984 இல் தண்ணிமுறிப்புத் தமிழ்க் குடும்பங்கள் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. அவ்வூர் வாழ்ந்த விதத்தை இன்று அறிய விரும்புபவருக்கு, அரசாங்கக் கோப்புகளைவிட இச்சிறிய நாவலே துணை செய்யும்.

என் விதிக்கு ஒரு விலக்கும் உண்டு. யாழ்ப்பாணத்தவருக்கு யாழ்ப்பாணத்து நாவலான கே. டானியலின் 'பஞ்சமர்' (1972) நூலையும் சேர்த்தே சொல்வேன். கோயில் வாசலிலும் தேநீர்க் கடையிலும் தடுத்து நிறுத்தப்பட்ட மக்களின் யாழ்ப்பாணம், எம்மிற் பலருக்கு அடுத்தவர் ஊராகவே இருந்தது. இதில் பிரசாரம் மிகுதி என்பார்கள். அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. பாத்திரங்கள் சில இடங்களில் ஆசிரியரின் குரலிலேயே பேசுகின்றன. எனினும் அதைக் காரணங்காட்டி நூலையே தவிர்ப்பவர்கள், குறையைக் கண்டு விலகுகிறார்களா, அல்லது கண்ணாடியைக் கண்டு விலகுகிறார்களா என்று தம்மையே கேட்டுக்கொள்வது நல்லது.

இந்நூல்கள் கிடைப்பதில்லை என்ற முறைப்பாடு ஒருகாலத்தில் நியாயமானது. எழுபதுகளில் வீரகேசரிப் பிரசுரங்களாக வந்த நாவல்களிற் பல மறுபதிப்பைக் காணவில்லை. வீட்டிலிருந்த பிரதிகள் இடப்பெயர்வுகளில் தொலைந்தன. 1981 இல் யாழ். பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. ஆனால் 2005 இல் தொடங்கிய 'நூலகம்' மின்னூலகம் ஈழத்து நூல்கள் பலவற்றை இலவசமாகப் படிக்கத் தருகிறது. ரொறன்ரோவில் இருப்பவரும் வவுனியாவில் இருப்பவரும் ஒரே பக்கத்தைத் திறக்கலாம். தேடிப் பார்க்காமல் கிடைக்கவில்லை என்று இனிச் சொல்வதற்கில்லை.

ஆகவே வாசக நண்பர்களிடம் என் வேண்டுகோள் இது. அடுத்தமுறை ஒருவருக்கு நாவலொன்றைச் சிபாரிசு செய்யும்போது, உங்களுக்குப் பிடித்தது என்பதற்காக மட்டும் செய்யாதீர்கள். அவர் அறியாத ஊர் எது என்று யோசித்துச் சொல்லுங்கள். நூலின் குறையையும் மறைக்காது கூறுங்கள். ஒருவர் வீட்டு வாசலை மற்றவர் மிதித்தறியாமலே ஓரினம் என்று மேடைகளில் முழங்கிப் பயனில்லை. நேரிற் செல்ல இயலாதவர்கள் நாவல் வழியாகவேனும் சென்றுவரட்டும்.