எதை அனுசரித்துப் போவது?



வெளிநாட்டிலிருந்து நம் கிராமங்களுக்கு வரும் தன்னார்வலர்களுக்கு முதல் வாரம் நடப்பது வீட்டுப்பாடம்தான். கையால் சாப்பிட வேண்டும், செருப்பை வாசலில் விட வேண்டும், வாளித் தண்ணீரை மொண்டு குளிக்க வேண்டும், பாயில் படுக்க வேண்டும். இதெல்லாம் அவர்களுக்குச் சிரமம்தான், மறுக்கவில்லை.

ஆனால் அந்தப் பாடத்தில் சாதி இருப்பதில்லை. தங்கும் வீடு ஊரிலா, சேரியிலா? தண்ணீர் எந்தக் குழாயில்? கழிப்பறையைக் கழுவுவது யார்? திண்டுக்கல் சமவெளியில் வேலை செய்யும் நாங்கள் கண்டது இது: கடல் கடந்து வந்தவர் ஒரே வாரத்தில் ஊர்வீட்டு அடுப்படிவரை போய்விடுகிறார். அதே வீட்டுக்காரர் தோட்டத்தில் காலமெல்லாம் உழைத்த நம் அம்மாக்கள் இன்னும் கொல்லைப்புறத்தில்தான் நிற்கிறார்கள். வந்தவர் 'நல்ல குடும்பம், அன்பான உபசரிப்பு' என்று எழுதிவிட்டுப் போகிறார்.

எல்லாரும் அப்படியல்ல. 1925இல் அமெரிக்க மிஷனரியாக மதுரைப் பகுதிக்கு வந்த கெய்த்தான், பங்களா வாழ்க்கையை விட்டுவிட்டு எளிய மக்களோடு வாழ முயன்றார். ஆங்கில அரசு அவரை இரண்டு முறை நாட்டைவிட்டு அனுப்பியது. விடுதலைக்குப் பின் திரும்பி வந்து நம் பகுதியிலேயே தங்கினார். தலித் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணம்மாளும் அவர் கணவர் ஜெகந்நாதனும் அவரோடு பழகிப் பணியாற்றியவர்கள். காந்தியர்களின் சாதிப் பார்வைமேல் நமக்கு விமர்சனம் உண்டு. ஆனால் யாரோடு வாழ்வது என்பது ஓர் அரசியல் முடிவு என்பதில் நமக்குக் கருத்து வேறுபாடு இல்லை.

இப்போது நம் பிள்ளைகளும் படிக்கவும் தொண்டு செய்யவும் வெளிநாடு போகிறார்கள். அண்ணல் அம்பேத்கர் 1913இல் நியூயார்க் போனார், பிறகு லண்டன். அங்கே அறை கிடைத்தது. 1917இல் பரோடாவுக்கு வேலைக்கு வந்தபோது கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். விஷயம் தெரிந்ததும் தடிகளோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினார்கள். இன்று சாதியும் விமானம் ஏறிவிட்டது. இல்லாவிட்டால் அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2023இல் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் போட வேண்டிய தேவை என்ன?

'அனுசரித்துப் போ' என்பது நமக்குப் புதிய சொல் அல்ல. பள்ளியில், விடுதியில், வாடகை வீடு தேடும்போது கேட்டுக் கேட்டுச் சலித்த சொல். எனவே களப்பணிக்குப் போகும் தோழர்களுக்கும், வெளிநாடு போகிறவர்களுக்கும், அங்கிருந்து வருகிறவர்களுக்கும் ஒன்றே சொல்கிறோம். குளிரை அனுசரியுங்கள். காரமில்லாத சோற்றை, கொசுவை, வெறுந்தரையை அனுசரியுங்கள். தனிக்குவளையை அனுசரிக்காதீர்கள். உங்களுக்கு அல்ல, பக்கத்தில் நிற்பவருக்கு அதை நீட்டினாலும்கூட.