ஒரு ஊசிக்காகக் கும்பிட்டவன்

என்னைக் கொலைகாரன் என்றார்கள். சொன்னவர்களில் ஒருவர்கூட ஒரு கட்டுப் புல் கொண்டுவந்து போட்டவர் இல்லை. ஒரு ராத்திரி லாயத்தில் நின்றவர் இல்லை. ரோட்டோரம் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, செல்போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டே சொன்னார்கள். "வயசாயிடுச்சுன்னு ஊசி போட்டுக் கொல்லச் சொல்றியாமே, நாளைக்கு உன் அம்மாவுக்கும் இதையேதான் செய்வியா?" என்று ஒரு அம்மாள் கேட்டார். என் அம்மா படுத்த படுக்கையாக இருந்து போனவள். வலிக்கு மருந்து கொடுக்க ஆஸ்பத்திரி இருந்தது. புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்க மருமகள்கள் இருந்தார்கள். நானூறு கிலோ குதிரையை எந்த மருமகள் புரட்டுவாள்? அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. இப்போது வருகிறது. கேட்டுத்தான் ஆகவேண்டும்.

ஊட்டியில் சவாரிக் குதிரை வைத்துப் பிழைக்கிற குடும்பம் எங்களுடையது. இங்கே ரேஸ் நடந்த காலத்தில், கோடை சீசனுக்கு மெட்ராஸிலிருந்து ரேஸ் குதிரைகள் லாரியில் மலையேறி வரும். சீசன் முடிந்து இறங்கும்போது எல்லாமே இறங்காது. முன்னங்கால் நரம்பு போனது, மூச்சு வாங்குவது, வரிசையாகத் தோற்றது என்று சிலது இங்கேயே கைமாறும். சிட்டு அப்படி வந்தவள். ரேஸில் அவளுக்கு வேறு பெயர், நீளமான இங்கிலீஷ் பெயர். அவள் கழுத்துக்குள் சிப் இருந்தது. அப்பன் யார், அப்பனுக்கு அப்பன் யார், எந்தப் பண்ணையில் பிறந்தாள் என்று வம்சப் புத்தகத்தில் பதிவு இருந்தது. எங்கே சாகப்போகிறாள் என்பதற்கு மட்டும் அந்தப் புத்தகத்தில் இடமில்லை.

கணக்கு மிகச் சுலபம். ரேஸ் குதிரை இரண்டு வயதில் ஓட ஆரம்பிக்கும். ஆறு, ஏழு வயதில் பெரும்பாலும் கதை முடிந்துவிடும். ஆனால் குதிரைக்கு ஆயுசு இருபத்தைந்து, முப்பது. அவள்மேல் பணம் கட்டியவர்கள் பார்த்தது நாலைந்து வருஷம். மிச்சமிருக்கும் இருபது வருஷத்தை யார் தலையில் கட்டினீர்கள்? போட் ஹவுஸ் வாசலில் "ஒரு ரவுண்டு எவ்வளவு? அம்பது ரூபா குறைச்சுக்கப்பா" என்று பேரம் பேசப்படுகிறவன் தலையில். கொள்ளு விலை, தவிடு விலை, லாடம் அடிக்கிற கூலி எதுவும் உங்கள் பேரத்தில் வராது. சரி, அதைப் பற்றி நான் புலம்பவில்லை. அவள் உழைத்தாள், நான் சாப்பிட்டேன். என் மகள் படித்ததும் அவள் முதுகில் வந்த காசில்தான். அதனால்தான் அவள் கிழவியானபோது அவிழ்த்துவிடவில்லை. எல்லாரும் அவிழ்த்துவிடச் சொன்னார்கள்.

ஆமாம், எல்லாரும். இதை வெளியே யாரும் சொல்வதில்லை, நான் சொல்லிவிடுகிறேன். கிழட்டுக் குதிரைக்கு இந்த ஊரில் வழக்கமாக நடப்பது என்ன தெரியுமா? ராத்திரியில் கயிற்றை அவிழ்த்து, நாலு தெரு தள்ளி ஓட்டிவிடுவது. காலையில் அது மார்க்கெட் பக்கம் குப்பைத் தொட்டியில் தலையை விட்டுக்கொண்டிருக்கும். முட்டைக்கோஸ் தழையோடு பிளாஸ்டிக் பையையும் விழுங்கும். பஸ்காரன் இடிப்பான். டிசம்பர் உறைபனியில் முதுகெல்லாம் வெள்ளை பூத்து நிற்கும். நகராட்சி வந்து பிடித்துக் கட்டும், அபராதம் போடும். உரிமையாளர் தெரிந்தால்தானே? இதற்குப் பெயர் கொலை இல்லையாம். ஊசி போட்டால் மட்டும் கொலையாம்!

குதிரைக்கு மூப்பு எப்படி வரும் என்று தெரியாமல்தான் நீங்கள் பேசுகிறீர்கள். முதலில் கண்ணுக்கு மேலே குழி விழும். பிறகு கடைவாய்ப்பல் தேய்ந்துபோகும். புல்லை வாயில் போட்டு மெல்லும், மெல்லும், உருண்டையாக்கி வெளியே துப்பிவிடும். பசியோடு சாப்பிடும், ஆனால் ஒன்றும் உள்ளே போகாது. கொள்ளை வேகவைத்து, மசித்து, தவிட்டுக் கஞ்சியாக்கிக் கொடுத்தேன். அதில் இரண்டு மழைக்காலம் ஓடியது. அப்புறம் குளம்பு. குளம்புக்குள்ளே சதை வீங்கி, உள்ளே இருக்கும் எலும்பு கீழே இறங்க ஆரம்பித்துவிட்டால் ஒவ்வொரு அடியும் நெருப்பில் வைப்பதுதான். முன்னங்காலை முன்னால் நீட்டி, பாரத்தைப் பின்னால் தள்ளி, நடுங்கிக்கொண்டு நிற்பாள். குதிரைக்குக் கத்தி அழத் தெரியாது. மூக்குத் துவாரம் விரியும், வியர்க்கும், அவ்வளவுதான். நாய் கத்தும், மாடு கத்தும். இது சத்தம் போடாது என்பதால் இதற்கு வலியே இல்லை என்று முடிவு செய்துவிட்டீர்களா?

கடைசியில் சிட்டு விழுந்தாள். குதிரை விழுந்து எழுந்திருக்காவிட்டால் அதன் எடையே அதற்கு எமன். கீழே மாட்டிய பக்கத்துச் சதை நசுங்கும், மூச்சு திணறும், இடுப்பெலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு புண்ணாகும். எழப் பார்த்துத் தலையைத் தரையில் அடித்துக்கொள்ளும். கண் புருவமெல்லாம் ரத்தம். தலைக்கடியில் கோணிப்பையை அடுக்கிவைத்தோம்.

டாக்டரைக் கூப்பிட்டேன். வந்தார், நல்ல மனுஷன், பழக்கமானவர். பார்த்தார். "அண்ணே, இது இனி எழுந்திருக்காது" என்றார். "அப்படியானால் ஊசி போட்டுவிடுங்க சார்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "யாராவது வீடியோ எடுத்துப் போட்டா என் வேலை போயிடும். போலீஸ்ல ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க" என்றார். போலீஸ் ஸ்டேஷனில் சிரித்தார்கள். "குதிரையைச் சாகடிக்க எங்ககிட்ட லெட்டரா? மாட்டு டாக்டர்கிட்ட போய்யா." மறுபடி டாக்டர். அந்த மருந்து கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது, கையிருப்பில் இல்லை, கீழே இருந்து வரவேண்டும் என்றார். பிராணிகளுக்காகப் பேசுகிற ஓர் இடத்துக்குப் போன் போட்டேன். "நாங்கள் எந்த உயிரையும் கொல்வதில்லை, அது எங்கள் கொள்கை" என்றார்கள். கொண்டுவந்து வைத்துக்கொள்கிறீர்களா என்றேன். இடமில்லை என்றார்கள். கொள்கைக்கு இடம் இருந்தது, குதிரைக்கு இல்லை.

என் மகள் சட்டத்தைத் தேடிப் படித்துக் காட்டினாள். 1960-ல் வந்த பிராணிவதைத் தடுப்புச் சட்டம். அதில் பதிமூன்றாவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது, உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்ற நிலையில் இருக்கும் பிராணியை முடித்துவைப்பதைப் பற்றி. மாஜிஸ்திரேட்டோ போலீஸ் சூப்பிரண்டோ உத்தரவிடலாம். எப்போது? அந்தப் பிராணியை யாரோ வதை செய்திருக்கிறார்கள் என்று தோன்றினால். போலீஸ் அதிகாரி டாக்டரை வரவழைத்து, சான்று வாங்கி, மாஜிஸ்திரேட் அனுமதியோடு முடிக்கலாம். எப்போது? உரிமையாளர் அங்கே இல்லாவிட்டால், அல்லது சம்மதிக்க மறுத்தால். சட்டம் எழுதியவர்கள் மனசில் இருந்த குதிரைக்காரன் ஒன்று ஓடிப்போனவன், இல்லை முரண்டு பிடிப்பவன். பக்கத்திலேயே உட்கார்ந்து கையெடுத்துக் கும்பிடுகிறவன் அந்தப் பக்கத்திலேயே இல்லை. டாக்டரின் கையைச் சட்டம் கட்டவில்லை. ஆனால் நம்பி நீட்ட ஒரு வார்த்தையும் எழுதிவைக்கவில்லை. இன்னொன்றும் படித்துக் காட்டினாள். அவிழ்த்துவிட்டு ஓடிப்போகிறவனுக்கு முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய்வரை. அறுபது வருஷத்துக்கு மேலாக அதே ஐம்பது. ஊசிக்கு அலைந்ததில் என் பெட்ரோல் செலவு அதைவிட அதிகம்.

சிட்டு தானாகத்தான் செத்தாள். ஊசி வரவில்லை. வாய் ஓரத்தில் ஈ மொய்த்ததை என் மனைவி துணியால் விசிறிக்கொண்டே இருந்தாள். "ஏங்க, கல்லைத் தூக்கிப் போட்டாவது முடிச்சுடுங்களேன்" என்று கடைசியில் அழுதாள். கோழி அறுப்பதைக்கூடப் பார்க்கமாட்டாள் அவள். அவள் வாயில் அந்த வார்த்தையை வரவழைத்தது நான் அல்ல, நீங்கள்.

உயிரைப் படைத்தவன்தான் எடுக்கவேண்டும் என்கிறீர்கள். சரி. கிளாண்டர்ஸ் என்று குதிரைக்கு ஒரு தொற்றுநோய் உண்டு. மனுஷனுக்கும் ஒட்டும். அது ஒரு குதிரைக்கு உறுதியானால், 2009-ல் கொண்டுவந்த கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டத்தைக் காட்டி, ஊசியோடு டாக்டர்கள் லாயத்துக்கே வருவார்கள். அப்போது மருந்து கிடைக்கும், உத்தரவு கிடைக்கும், குழி தோண்ட இயந்திரம் கிடைக்கும். உங்களுக்கு ஆபத்து என்றால் குதிரை சாகலாம். குதிரைக்கே வேதனை என்றால் மட்டும் படைத்தவன் வரும்வரை காத்திருக்கவேண்டுமா?

அஹிம்சை என்கிறீர்கள். 1928-ல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று, தீராத நோயில் புரளவும் முடியாமல் கிடந்தது. காந்தி டாக்டரை வரவழைத்தார், விஷ ஊசி போடச் சொன்னார். பசுவின் கன்று, அதுவும் ஆசிரமத்துக்குள்ளே! வசவுக் கடிதம் குவிந்தது. அவர் பின்வாங்கவில்லை. வேதனையை முடித்துவைப்பதும் அஹிம்சைதான் என்று தன் பத்திரிகையிலேயே எழுதினார். அவரைவிடப் பெரிய அஹிம்சைக்காரர்களா நீங்கள்?

இதில் ஒரு நியாயமான பயம் இருக்கிறது, அதை மறைக்கமாட்டேன். ஊசியைச் சுலபமாக்கினால், கொஞ்சம் நொண்டினாலே தீர்த்துவிட்டு அடுத்த குதிரை வாங்குகிறவன் வருவான். வருவான், எங்கள் ஸ்டாண்டிலேயே ஆள் காட்டுவேன். அதற்காகத்தானே இரண்டு டாக்டர் கையெழுத்து, சிப் நம்பர், பதிவேடு என்று வைக்கவேண்டும்? திருடன் வருவான் என்று வீட்டுக்குக் கதவே வைக்காமல் சுவர் கட்டினால் உள்ளே இருப்பவன் என்ன ஆவான்?

தடை போட்டால் மட்டும் கருணை வந்துவிடாது என்பதற்கு அமெரிக்காவைப் பாருங்கள். குதிரையை இறைச்சிக்கு வெட்டிய கடைசி மூன்று கூடங்கள், டெக்ஸாஸில் இரண்டும் இல்லினாயில் ஒன்றும், 2007-ல் மூடப்பட்டன. கொண்டாடினார்கள். குதிரைகள் என்ன ஆயின? லாரியேறி மெக்ஸிகோவுக்கும் கனடாவுக்கும் போயின. வெட்டு நிற்கவில்லை, பயணம்தான் நீண்டது. 2010-ல் மட்டும் ஏறக்குறைய 1,38,000 குதிரைகள் இப்படி எல்லை தாண்டியதாக அவர்கள் நாட்டுத் தணிக்கை அலுவலகமே அடுத்த வருஷம் அறிக்கை கொடுத்தது. கைவிடப்படுகிற குதிரைகள் பெருகியதாகவும் அதில் இருக்கிறது. கூடங்களைத் திறந்து வையுங்கள் என்று நான் சொல்லவரவில்லை. மூடுகிறவர் அடுத்த கதவு எங்கே என்று காட்டிவிட்டு மூடவேண்டும்.

இங்கே மட்டும் என்ன? 2024-ல் ஊட்டி ரேஸ் மைதானத்தை அரசு எடுத்துக்கொண்டது. மெட்ராஸில் கிண்டி ரேஸ் மைதானத்தின் 160 ஏக்கருக்குச் சீல் வைத்தது. வாடகை பாக்கி நூற்றுக்கணக்கான கோடி என்றார்கள். பூங்கா என்றார்கள், குளம் என்றார்கள். நல்லது, ஊருக்குப் பூங்கா வேண்டும்தான். இத்தனை வருஷம் அந்த மண்ணில் ஓடி ஓய்ந்த குதிரைகள் எங்கே என்று ஒருவர், ஒரே ஒருவர் கேட்டாரா? பரிசுப் பணத்தில் நூற்றுக்கு ஒரு ரூபாய் அவற்றின் கிழட்டு வயசுக்கென்று எடுத்துவைத்திருந்தால், ஒரு மேய்ச்சல் நிலமும், ஊசியோடு ஒரு டாக்டரும், புதைக்க ஒரு குழியும் கிடைத்திருக்காதா?

குழி என்றதும் நினைவு வருகிறது. ஊசி போட்ட உடலைச் சும்மா எறிந்துவிட முடியாது. தின்கிற நாய்க்கும் காக்கைக்கும் அதுவே விஷம். கீழே மோயாறு பள்ளத்தாக்கில் மிஞ்சியிருப்பது கொஞ்சம் பிணந்தின்னிக் கழுகுகள். மாட்டுக்குப் போட்ட வலி மருந்து செத்த உடலில் தங்கி, நாடு முழுக்கக் கழுகுகளைத் தீர்த்துக்கட்டிய பிறகு, 2006-ல்தான் அந்த மருந்தைக் கால்நடைக்குக் கொடுக்கத் தடை வந்தது. அதனால் ஆழமாகப் புதைக்கவேண்டும். ஜேசிபிக்கு ஆகும் காசு, ஒரு சீசன் சனி ஞாயிறு வருமானம். சிட்டுவின் உடம்பில் ஊசி மருந்து இல்லை என்றாலும் கடன் வாங்கித்தான் புதைத்தேன். தெருவில் விடாதவனுக்கு இந்த ஊர் கொடுத்த பரிசு அந்தக் கடன்.

லாயத்தில் இன்னொருவன் இருக்கிறான், கருப்பன். சிட்டுவுக்கு அடுத்து வந்தவன். இந்தத் தடவை விழும்வரை காத்திருக்கப் போவதில்லை என்று இப்போதே மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கால்நடைத் துறைக்கு ஒன்று, கலெக்டர் ஆபீஸுக்கு ஒன்று. வேளை வரும்போது எந்த டாக்டர் வருவார், யார் கையெழுத்துப் போடுவார், எங்கே புதைக்கலாம். மூன்றே கேள்விதான் கேட்டிருக்கிறேன். ரசீது கொடுத்தார்கள், பதில் இல்லை. என்னைப் படம் எடுத்தவர்களே, உங்களுக்குத்தான் ஆயிரக்கணக்கானவர்கள் பார்க்கிறார்களாமே, அந்த மனு நம்பரையும் ஒருமுறை போடுங்கள். சீக்கிரம் போடுங்கள். கருப்பன் புல்லைத் துப்ப ஆரம்பித்துவிட்டான்.