உப்புக்காற்றில் கார்பன் சக்கரம் எத்தனை காலம் தாங்கும்?

தூத்துக்குடிக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கிறது தருவைகுளம். ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, சுற்றுவட்டாரத்தில் உப்பளங்கள். இப்படிப்பட்ட ஊரில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட மறந்தால், கொஞ்ச நாளிலேயே துரு ஏறிவிடும்.

2023 அக்டோபரில் ஆசிய மவுன்டன் பைக் சாம்பியன்ஷிப் போட்டி திருவனந்தபுரத்தை அடுத்த பொன்முடியில் நடந்தது. தென்மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அது எட்டிப்பார்க்கும் தூரம்தான். இந்தப் பந்தயங்களில் ஆசை வந்தவர்களின் அடுத்த கனவு கார்பன் சக்கரம். எடை குறைவு, துருவும் பிடிக்காது. ஆனால், புதிதாக ஒரு ஜோடி வாங்க லட்ச ரூபாய்கூட ஆகலாம். அதனால் பலரும் பழையதைத் தேடுகிறார்கள். சேர்த்துவைத்த காசைக் கொட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு.

கார்பன் ரிம் என்பது கரி இழைகளைப் பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காக ஒட்டி இறுக்கியது. கடற்கரையில் நிற்கும் ஃபைபர் படகும் இதே குடும்பம்தான். அதில் கரி இழைக்குப் பதில் கண்ணாடி இழை இருக்கும், அவ்வளவே.

அலுமினிய ரிம் கல்லில் மோதினால் நெளியும். கடையில் கொடுத்து பெண்ட் எடுத்துவிடலாம். ஆனால், ஓயாத அதிர்வில் உலோகம் மெல்ல மெல்லக் களைத்துப்போகும். நன்றாகச் செய்த கார்பன் ரிம் இந்த விஷயத்தில் அதைவிடத் தாக்குப்பிடிக்கும். அதன் சிக்கல் வேறு. அது நெளியாது. அடியைத் தாங்கும், இல்லாவிட்டால் உடையும். இரண்டுக்கும் நடுவே, உள்ளே அடுக்குகள் பிரிந்து, வெளியே பளபளப்பாகவே இருக்கும் நிலையும் உண்டு. அதுதான் ஆபத்து. இறக்கத்தில் முன் சக்கரம் நொறுங்கினால் ஓட்டுபவர் முகம் குப்புற விழ வேண்டியதுதான்.

அடுத்தது உப்பு. கார்பன் துருப்பிடிக்காது என்பது உண்மை. ஆனால், அது மின்சாரத்தைக் கடத்தும். கார்பனும் அலுமினியமும் ஒட்டியிருக்க, நடுவே உப்பு ஈரம் புகுந்தால் அது ஒரு சின்ன பேட்டரி போலாகிவிடும். அதில் அரிக்கப்படுவது அலுமினியம். போயிங் 787 விமானத்தின் எடையில் சுமார் பாதி, கார்பன் இழைக் கலவை போன்ற பொருள்கள்தான். கார்பனைத் தொடும் பல இடங்களில் அலுமினியத்தைத் தவிர்த்து டைட்டானியத்தை வைத்ததற்கு இந்த அரிப்பும் ஒரு காரணம்.

சைக்கிளில் இந்த அடி விழுவது ஸ்போக்கை ரிம்மோடு பிணைக்கும் நிப்பிளுக்கு. எடை குறைக்க அலுமினிய நிப்பிள் போட்ட சக்கரத்தில், ரிம் நன்றாக இருக்கும்போதே நிப்பிள் பொடிந்து ஸ்போக் விட்டுப்போகும். கடலோரத்தில் இருப்பவர்களுக்குப் பித்தளை நிப்பிளே நல்லது. எடை கொஞ்சம்தான் கூடும்.

பழைய சக்கரம் வாங்கப் போகிறீர்களா? டயரைக் கழற்றச் சொல்லி ரிம்மின் உள்பக்கத்தையும் பாருங்கள். நிப்பிளைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பிறகு ஒரு நாணயத்தால் ரிம்மைச் சுற்றிலும் தட்டிக்கொண்டே வாருங்கள். ஃபைபர் படகையும் இப்படித் தட்டிப் பார்ப்பார்கள். 'டக் டக்' என்று ஒரே சீராக வரும் ஒலி ஓரிடத்தில் மட்டும் மந்தமானால், அந்தச் சக்கரம் வேண்டாம். படகின் விரிசலில் கண்ணாடி இழைப் பாயும் பிசினும் வைத்து ஒட்டலாம். பந்தய ரிம்மை வீட்டில் ஒட்டி ஓட்டக் கூடாது.

உத்தரவாதத்தையும் கேளுங்கள். சில நிறுவனங்கள் ஆயுள் முழுக்க உத்தரவாதம் தருகின்றன. ஆனால், பெரும்பாலும் அது முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான். கைமாறிய சக்கரம் உடைந்தால் நஷ்டம் உங்களுடையது.

வாங்கிவிட்டால் பராமரிப்பு எளிது. கடலோரம் ஓட்டி வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். டயரில் காற்றைக் குறைத்துவிட்டுக் கற்களில் இறங்காதீர்கள். பலமாக ஒரு மோதல் நடந்தால் அன்றைக்கே நாணயத்தை எடுத்துத் தட்டிப் பாருங்கள். கார்பன் சக்கரத்துக்கு இத்தனை வருடம் என்று கணக்கு இல்லை. எத்தனை அடி வாங்கியது, ஒவ்வொரு அடிக்குப் பிறகும் யாராவது பார்த்தார்களா என்பதுதான் கணக்கு.