நாவல் எழுதி முடிச்சிட்டீங்களா? இப்போதான் ரெண்டாவது நாவல் ஆரம்பம்!

கடலூரிலிருந்து பண்ருட்டி போற பஸ்ஸில் ஏறினா, கொஞ்ச நேரத்துல நெல்லிக்குப்பம் வந்துடும். ஆலைக்குக் கரும்பு ஏத்திட்டுப் போற டிராக்டருக்குப் பின்னால மாட்டிக்கிட்டா கூடுதலா கால் மணி நேரம். 1840-களிலேயே சர்க்கரை ஆலை வந்த ஊர் இது. இந்த ஊர்ல எங்க பாட்டி வீட்டுக் கட்டிலுக்கு அடியில ஒரு அட்டைப்பெட்டி இருக்கு. உள்ளே நான் எழுதின குறுநாவலின் 180 பிரதிகள். பாட்டி அது மேல வெத்தலைத் தட்டை வெச்சிருக்காங்க. ஆறு வருஷமா அந்தப் புத்தகத்துக்குக் கிடைச்ச நிலையான பயன்பாடு அது ஒண்ணுதான்.

சிரிங்க, பரவாயில்லை. ஆனா உங்க போன்ல நோட்ஸ் ஆப்பைத் திறந்து பாருங்க. 'அத்தியாயம் 1'னு ஒண்ணு இருக்கா? அப்போ இது உங்க கதையும்தான்.

இன்னிக்கு நாவல் எழுதுற இளைஞர்களுக்குப் பதிப்பகத்தோட வாசல்ல நிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 2016 டிசம்பர்ல அமேசான் கிண்டில் தமிழுக்குக் கதவைத் திறந்தது. பிரதிலிபியில தொடர்கதை போடலாம். இன்ஸ்டாவுல அட்டைப்படம் வெளியிடலாம். எழுதுறது, அச்சடிக்கிறது, விக்கிறது எல்லாமே நம்ம கையில. அதுல மூணாவதுதான் யாரும் சொல்லிக்கொடுக்காத பாடம்.

பையைத் தூக்கினவர்

இது புதுப் பிரச்னைன்னு நினைச்சா, வெற்றிமாறன் - சூர்யா கூட்டணியில அறிவிப்பு வந்ததே 'வாடிவாசல்', அந்தக் கதையை எழுதினவரைப் பாருங்க. சி.சு.செல்லப்பா. 1912-ல் பிறந்தவர், வத்தலகுண்டுக்காரர். 1959 ஜனவரியில 'எழுத்து'ன்னு ஒரு பத்திரிகையைச் சொந்தமா ஆரம்பிச்சு, 1970 வரைக்கும் நடத்தினார். தமிழ்ப் புதுக்கவிதை வேர்விட்ட இடம் அதுதான். அதோட 'எழுத்து பிரசுரம்'னு புத்தகங்களும் போட்டார்.

யார் வித்தாங்க? அவரேதான். புத்தகங்களைப் பையில போட்டுத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா, கல்லூரி கல்லூரியா போனார். தமிழ்த்துறை வாசல்ல நின்னு, ஆசிரியர்கள்கிட்ட பேசி, ஒவ்வொண்ணா வித்தார். கடைசிக் காலத்துல, 'சுதந்திர தாகம்'ங்கிற மூணு பாக நாவலையும் அவரேதான் வெளியிட்டார். எண்பது வயசைத் தாண்டின ஒருத்தர், மூணு பாகம், சொந்தச் செலவு. 1998 டிசம்பர்ல இறந்துட்டார். அந்த நாவலுக்கு சாகித்ய அகாடமி விருது வந்தது 2001-ல்.

இதை நாம 'தியாகம்'னு பாராட்டி நகர்ந்துடுறோம். எனக்கு அந்த வார்த்தை மேல கொஞ்சம் சந்தேகம். அவர் பண்ணது ஒரு வகையில துல்லியமான மார்க்கெட்டிங்கும்கூட. தன்னோட வாசகர் எங்கே உட்கார்ந்திருக்கார்னு அவருக்குத் தெரிஞ்சிருந்தது. அங்கேயே நேரா போனார்.

அவருக்கும் முன்னால வை.மு.கோதைநாயகி. 1901-ல் பிறந்து, சின்னக் குழந்தையா இருக்கும்போதே கல்யாணம் முடிஞ்சவர். 1925-ல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை வாங்கி, தன்னோட நாவல்களை அதுலயே தொடரா போட்டு, பிறகு புத்தகமாக்கினார். மொத்தம் 115 நாவல்கள். யோசிச்சுப் பாருங்க... சொந்தத் தளம், சொந்த வாசகர் பட்டியல், வாரா வாரம் இல்லாட்டியும் மாசா மாசம் கதைக்காகக் காத்திருக்கிற கூட்டம். இன்னிக்கு 'கம்யூனிட்டி பில்டிங்'னு ரீல்ஸ்ல க்ளாஸ் எடுக்கிறாங்களே, அதேதான்.

கடல் தாண்டி யாழ்ப்பாணத்துல டொமினிக் ஜீவா. முடிதிருத்தும் கடை நடத்திக்கிட்டே 1966-ல் 'மல்லிகை' இதழை ஆரம்பிச்சார். தெருத்தெருவா தானே கொண்டுபோய் வித்தார்.

250 ரூபாய்ல உங்க பங்கு

இப்போ உங்க கணக்குக்கு வருவோம். 200 பக்க நாவல், விலை 250 ரூபாய். அச்சகத்துல ஒரு பிரதிக்கு 110 ரூபாய் சொல்றாங்கன்னு வெச்சுக்குங்க. கடைக்குக் கொடுத்தா 40 சதவிகிதக் கழிவு கேட்பாங்க. உங்க கைக்கு 150. அச்சுக்கூலி போக 40 ரூபாய். அதுவும் வித்த பிறகு, எப்போ தர்றாங்களோ அப்போ. புத்தகக் கண்காட்சியில யாராவது தெரிஞ்சவங்க ஸ்டால்ல நின்னு, வழக்கமான 10 சதவிகிதத் தள்ளுபடியில நீங்களே வித்தா மிச்சம் 115. வாசகருக்கு நேரடியா முழு விலைக்குக் கொடுத்தா 140. அதாவது நேரடியா விக்கிற ஒரு பிரதி, கடையில விக்கிற மூணரை பிரதிக்குச் சமம். செல்லப்பா பையைத் தூக்கினதுக்குக் காரணம் இந்தக் கணக்குலயும் இருக்கு.

இன்னிக்கு அந்தப் பைக்கு பதிலா வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், ஜிபே, தபால். இந்த மூணுல தபால்தான் சமீபத்துல சத்தமில்லாம மாறிப்போச்சு. புத்தகங்களுக்குன்னு மலிவா இருந்த பதிவு புத்தக அஞ்சலை 2024 டிசம்பர்ல அஞ்சல் துறை நிறுத்திடுச்சு. சிறு பதிப்பாளர்கள் கொதிச்சுப்போனாங்க. 2025 மே 1-ல் 'ஞான் போஸ்ட்'னு புதுசா ஒண்ணு வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. டிராக்கிங் உண்டு. ஆனா தரைவழிதான், மெதுவா போகும். பாடநூல்களும் சமூக, பண்பாட்டு, சமய நூல்களும் அனுப்பலாம். வணிக நோக்கமுள்ள வெளியீடுகள் கூடாதுங்கறது விதி. உங்க காதல் நாவல் இதுல எந்தப் பெட்டியில வரும்னு கவுன்ட்டர்ல ஒரு சின்ன விவாதத்துக்குத் தயாரா போங்க. புத்தகத்துல அச்சகத்தோட பேரோ, வெளியிட்டவர் பேரோ இருக்கணும், அதை மறந்துடாதீங்க.

கிண்டில்ல அச்சுச் செலவே இல்லை, உண்மைதான். ஆனா 'செலக்ட்' திட்டத்துல டிக் அடிச்சா, 90 நாளைக்கு அந்த மின்னூலை வேற எங்கேயும் போட முடியாது. பிரதிலிபியில ஏற்கெனவே முழுசா இருந்தா அது விதிமீறல். 90 நாளுக்கு 5 நாள் இலவசமா கொடுக்கலாம். அன்லிமிடெட் சந்தாதாரர்கள் படிச்சா, படிச்ச பக்கத்துக்குத்தான் காசு. ஒரு பக்கத்துக்கு எவ்வளவுங்கிறது மாசத்துக்கு மாசம் மாறும். முதல் அத்தியாயத்துலயே மூடி வெச்சுட்டா, உங்களுக்கு அந்த அத்தியாயத்துக்கான சில்லறை மட்டும்தான். கொடூரம்தான், ஆனா எந்தப் பக்கத்துல வாசகர் தூங்கிப்போறார்னு யோசிக்க வைக்குது.

நான் ஏமாந்த இடம்

என் பெட்டிக் கதைக்கு வர்றேன். டிப்ளமோ முடிச்ச கையோட, ஒரு 'பேக்கேஜ்' பதிப்பாளரை நம்பினேன். பேர் வேண்டாம். அட்டை, அச்சு, ஐ.எஸ்.பி.என், 'ஆல் இந்தியா ப்ரொமோஷன்' எல்லாம் சேர்த்து ஒரு தொகை. என் முதல் ஆறு மாசச் சம்பளத்துல பாதி. ப்ரொமோஷன்னு வந்தது ஒரே ஒரு போஸ்டர். அதுலயும் என் இனிஷியல் தப்பு.

அப்புறம்தான் ஒவ்வொண்ணா தெரிஞ்சுக்கிட்டேன். இந்தியாவுல ஐ.எஸ்.பி.என் எண் இலவசம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் இணையதளத்துல எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம். காப்புரிமையைப் பதிவு பண்ணினாத்தான் உங்க நாவல் உங்களுதுன்னு யாராவது பணம் கேட்டா, நம்பாதீங்க. எழுதின உடனேயே உரிமை உங்களுது. பதிவு கட்டாயமில்லை. இதைவிட முக்கியமானது காப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவு. உரிமையை எழுதிக் கொடுக்கிற ஒப்பந்தத்துல எத்தனை வருஷம்னு குறிப்பிடலைன்னா, அது அஞ்சு வருஷம்னுதான் சட்டம் எடுத்துக்கும். எந்த எல்லைன்னு சொல்லலைன்னா, இந்தியா மட்டும்தான். என் ஒப்பந்தத்துல வருஷம் போடவே இல்லை. அந்த அலட்சியம் எனக்குச் சாதகமா முடிஞ்சது. அஞ்சு வருஷம் கழிச்சு, கதை மறுபடி என் கைக்கு வந்துடுச்சு. உங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் வேண்டாம், கையெழுத்துக்கு முன்னாடியே படிங்க.

கதைக்கு எங்கே போறது?

'எங்க ஊர்ல என்ன இருக்கு எழுத'ன்னு நீங்க கேட்கலாம். நானும் கேட்டேன். அதனாலதான் என் குறுநாவலோட கதாநாயகன் பெங்களூர்ல காபி குடிச்சுக்கிட்டே இருந்தான். நான் அதுவரை பெங்களூர் போனதே இல்லை.

இத்தனைக்கும் நம்ம மாவட்டம் சாதாரண மண் இல்லை. புதுமைப்பித்தன் பிறந்தது திருப்பாதிரிப்புலியூர். ஜெயகாந்தன் கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரர். அஞ்சாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்டவர், 2002-க்கான ஞானபீடம் வாங்கினார். இமையம் பள்ளி ஆசிரியரா வேலை பார்த்துக்கிட்டே எழுதினவர்; 'செல்லாத பணம்' நாவலுக்கு 2020-ம் ஆண்டு சாகித்ய அகாடமி. விருத்தாசலம் பக்கத்து கண்மணி குணசேகரன் அரசுப் போக்குவரத்துக் கழகத்துல மெக்கானிக். பணிமனைத் தொழிலாளர்களோட வாழ்க்கைதான் அவரோட 'நெடுஞ்சாலை'. தன் ஊர்ப் பேச்சுக்காக நடுநாட்டுச் சொல்லகராதியே தொகுத்தார்.

இந்த ரெண்டு பேரோட வாழ்க்கையில நான் கவனிக்கிறது வேலையைத்தான். மாசச் சம்பளம் இருந்ததால, அடுத்த புத்தகம் விக்குமாங்கிற பயத்துல அவங்க எழுத வேண்டியிருக்கலை. 'வேலையை விட்டுட்டேன், இனி முழுநேர எழுத்தாளன்'னு ரீல்ஸ் போடுற தம்பி தங்கைகளைப் பார்த்தா எனக்குப் பதற்றமாத்தான் இருக்கு. சர்க்கரை ஆலை ஷிப்ட்டோ, சிப்காட் வேலையோ, அதை விட்டுடாதீங்க. சம்பளமும் அங்கதான், கதையும் பெரும்பாலும் அங்கதான். முதல்ல 500 பிரதி அடிக்காதீங்க, 100 போதும். நெய்வேலி புத்தகக் கண்காட்சிக்குப் பிரதியைக் கொண்டு போங்க. லைக்ஸ் எண்ணாதீங்க, பத்து லைக்ல ஒண்ணுகூட 250 ரூபாயா மாறலைங்கிறது என் சொந்த அனுபவம்.

போன மாசம் ஊருக்குப் போனப்போ, பெட்டியிலிருந்து அஞ்சு பிரதியை எடுத்துப் பையில போட்டுக்கிட்டு ரயில்வே ஸ்டேஷன் பக்கம் டீக்கடைக்குப் போனேன். ஆலையில வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் வாங்கிப் புரட்டினார். "இதுல நம்ம ஊரு வருதா தம்பி?" என்று கேட்டார்.

"இதுல இல்லைங்கய்யா. அடுத்ததுல வருது" என்றேன்.

"அப்ப அதை எழுதிட்டு வா" என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார். இப்போ 42-வது பக்கத்துல இருக்கேன்.