80 ஆண்டுக்கு ஒருமுறை வெடிக்கும் நட்சத்திரம்: விழுப்புரத்தில் தெரியுமா?

1866, 1946-ல் வெடித்த ‘டி கொரோனே போரியாலிஸ்’ மறுபடி எப்போது வெடிக்கும் என விஞ்ஞானிகள் கண்கொத்திப் பாம்பாகக் காத்திருக்கிறார்கள்.

அங்கே என்ன நடக்கிறது?

இது தனி நட்சத்திரம் இல்லை, ஜோடி. சிவப்பு ராட்சத நட்சத்திரத்தின் வாயு பக்கத்தில் உள்ள வெண்குள்ளன் மேல் சேர்ந்துகொண்டே போகும். அழுத்தமும் சூடும் எல்லை மீறினால் வெடிக்கும்.

அதிர்ச்சி அலை என்றால்?

பொங்கலுக்கு ஊர் திரும்பும் கார்கள் திண்டிவனம் தாண்டி விரட்டிக்கொண்டு வந்து, விக்கிரவாண்டி டோல்கேட்டில் மொத்தமாக முட்டி நிற்கும் இல்லையா? அப்படித்தான். நொடிக்கு ஆயிரக்கணக்கான கி.மீ. வேகத்தில் சிதறும் வாயு, ராட்சத நட்சத்திரத்தின் காற்றில் மோதி நெரிசலாகிறது. வெப்பம் பல லட்சம் டிகிரி தாண்டும்.

இங்கிருந்தே எப்படித் தெரிகிறது?

சூடான வாயு குறிப்பிட்ட நிறங்களில் மட்டும் பளிச்சென ஒளிரும்; அவைதான் உமிழ்வுக் கோடுகள். கோடு அகலமாக இருந்தால் வேகம் அதிகம். நாளாக ஆக அது குறுகினால், அலை தளர்கிறது என்று அர்த்தம். இதே வகையைச் சேர்ந்த ‘ஆர்எஸ் ஒஃபியூக்கி’ 1985-ல் வெடித்தபோது, காவலூர் வைணு பாப்பு ஆய்வகம் இக்கோடுகளைப் பதிவு செய்தது. அது 2006, 2021-லும் வெடித்தது.

நாம் பார்க்கலாமா?

பார்க்கலாம், டெலஸ்கோப் வேண்டாம். மே முதல் ஜூலை வரை முன்னிரவில், சுவாதிக்கும் அபிஜித்துக்கும் நடுவே உச்சிக்குச் சற்று வடக்கில் தேடுங்கள். வெடித்தால் துருவ நட்சத்திரம் அளவுக்கு மின்னும். ஆனால் வெறுங்கண்ணுக்குத் தெரிவது சில நாட்கள்தான். தவறவிட்டால், அடுத்த வாய்ப்பு பேரப்பிள்ளைகளுக்குத்தான்.