மெதுவா இழுங்கண்ணே!

திண்டிவனத்தில் பைக் நின்றுபோனால் எனக்குக் கவலையே கிடையாது. பின்னால் வருகிற டி.வி.எஸ். 50-காரர் யார், என்ன ஊர் என்று தெரியாது. இடது காலை நம் வண்டியின் ஃபுட்ரெஸ்டில் முட்டுக் கொடுத்து, "ஹாண்டில் பாரை நேராப் புடி சார்!" என்று ஒரு அதட்டல் போட்டு, மேம்பாலம் தாண்டி மெக்கானிக் கடை வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்.

ஆனால் வண்டி தண்ணீரில் நின்றுபோனால்?

என் மைத்துனருக்கு விழுப்புரத்தில் டூ வீலர் ஒர்க்ஷாப். யமஹா ஆர்.எக்ஸ். 100 என்றால் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப்போடுவார். (திரும்ப மாட்டும்போதுதான் கண்ணைத் திறப்பார். அப்போதும் இரண்டு நட்டு மிஞ்சும்.) போன மாசம் அவருக்கு ஒரு போன். கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் உப்பங்கழியில் படகு விடுகிற ஒரு தனியார் இடம். "அண்ணே, ஒரு யமஹா ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. டூ ஸ்ட்ரோக்தான். வந்து பாருங்க."

"மாமா, சும்மா துணைக்கு வாங்க" என்றார். நான் பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே 'ஸ்ட்ரோக்' என் கணக்கு நோட்டில் போடுகிற கோடுதான். இருந்தாலும் போனேன். டூல்ஸ் பையைத் தூக்க ஆள் வேண்டுமல்லவா?

போய்ப் பார்த்தால், சக்கரமே இல்லாத யமஹா! நம்மூரில் ஜெட் ஸ்கி என்கிறோமே, அது. நியாயமாகப் பார்த்தால் ஜெட் ஸ்கி என்பது கவாஸாகி கம்பெனியின் பெயர். வனஸ்பதியையெல்லாம் டால்டா என்று கூப்பிட்ட மாதிரி எல்லாவற்றுக்கும் அதையே வைத்துவிட்டோம். அமெரிக்காவில் அரிஸோனாவைச் சேர்ந்த க்ளேட்டன் ஜேக்கப்ஸன் என்கிற மோட்டார் சைக்கிள் ரேஸ்காரர், தரையில் விழுந்து தோல் உரிவதைவிடத் தண்ணீரில் விழுவது மேல் என்று யோசித்ததில் பிறந்த ஐடியா இது. கவாஸாகி முதலில் கடைக்குக் கொண்டுவந்தவற்றில் ஸீட்டே கிடையாது. நின்றுகொண்டுதான் ஓட்ட வேண்டும். மைத்துனர் கையில் கிடைத்ததும் அந்த ரகம்தான். முன்னால் மேலும் கீழும் மடங்குகிற ஒரு நீளக் கம்பம், அதன் நுனியில் ஹாண்டில், பின்னால் நிற்க ஒரு தொட்டி. ஓடினால் நிற்கலாம். நின்றால் கவிழலாம்!

அரை மணியில் பிளக்கைச் சுத்தம் பண்ணி ஸ்டார்ட் செய்துவிட்டார். லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு, "ஒரு ரவுண்டு மாமா" என்று கிளம்பினார். அரை கிலோமீட்டர் தூரம் போனதும் சத்தம் நின்றது. மைத்துனர் தொப்பென்று உட்கார்ந்தது மட்டும் தெரிந்தது.

தண்ணீர் வடிகிற நேரம் அது. உப்பங்கழித் தண்ணீரெல்லாம் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. வண்டியும் கூடவே மெதுவாக முகத்துவாரத்தைப் பார்த்து நகர்ந்தது. அந்தப் பக்கம் அலை வெள்ளையாகத் தெரிந்தது. எனக்கு என் மனைவியின் முகம் தெரிந்தது. தம்பியை எங்கே என்று கேட்டால் என்ன சொல்வேன்?

கரையில் ஃபைபர் போட்டில் மீன் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் ஒன்றுமே கேட்கவில்லை. வலையை அப்படியே போட்டார். "ஏறு சார்" என்றார். டூல்ஸ் பையோடு ஏறினேன்.

கிட்டே போனதும் கயிற்றை வீசினார். மைத்துனர் அதை ஹாண்டிலில் கட்டினார். பெரியவர் எஞ்சினை முறுக்கினார். அவ்வளவுதான்! கம்பம் ஒரு பக்கம் இழுக்க, வண்டி ஒரு பக்கம் திரும்ப, மைத்துனர் தண்ணீருக்குள். போட் சட்டென்று நிற்க, தொய்ந்த கயிறு எங்கள் எஞ்சின் விசிறியை நோக்கி வந்தது. பெரியவர் எஞ்சினை அணைத்துத் தூக்கிவிட்டார். கொஞ்சம் தாமதித்திருந்தால் ரிப்பேர் வண்டி இரண்டாகியிருக்கும். இழுக்க மூன்றாவதாக ஒன்று வரவேண்டியிருக்கும்.

தலையைத் துடைத்துக்கொண்டு மைத்துனர் கத்தினார்: "மெதுவா இழுங்கண்ணே! வேகமா இழுத்தா எஞ்சினுக்குள்ள தண்ணி ஏறிடும்!"

"எஞ்சின்தான் ஓடலையே, எப்படி ஏறும்?" என்றேன்.

விஷயம் இதுதான். இந்த வண்டியின் அடியில் ஒரு ஓட்டை. அது வழியாகத் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சித்தான் வண்டி ஓடுகிறது. அதே தண்ணீரில் கொஞ்சம் ஒரு ஹோஸ் வழியாக எஞ்சினைக் குளிர்விக்கப் போகும். அப்புறம் புகையோடு சேர்ந்து சைலன்ஸர் வழியாக வெளியே வந்துவிடும். எஞ்சின் அணைந்திருந்தால் தள்ளிவிடப் புகை இல்லை. ஆனால் வேகமாக இழுத்தால் அடி ஓட்டையில் தண்ணீர் தானாக மோதி ஹோஸுக்குள் ஏறும். சைலன்ஸர் பெட்டி நிரம்பும். பிறகு சிலிண்டர். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. அந்த நிலையில் ஸ்டார்ட்டரை அழுத்தினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆயிரத்தில் முடிகிற செலவு லட்சத்துக்குப் போகும்.

எனக்கு உடனே 2024 டிசம்பர் ஞாபகம் வந்தது. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி கரையைக் கடந்ததும், நம்ம மயிலத்தில் மட்டும் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியதே! விழுப்புரத்தில் வண்டிகளெல்லாம் முழுகிக் கிடந்தன. தண்ணீர் வடிந்ததும் உதைத்துப் பார்த்தவர்கள் எஞ்சினை இழந்தார்கள். உதைக்காமல் தள்ளிக்கொண்டு வந்தவர்களுக்கு மைத்துனர் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிக் காப்பாற்றிக் கொடுத்தார். அதே பாடம்தான் இங்கேயும்.

இரண்டாவது முறை எல்லாம் முறையாக நடந்தது. கழியில் அலை இல்லாததால் மூடியைத் திறந்து, பம்ப்பிலிருந்து எஞ்சினுக்குப் போகிற ஹோஸை நான் கொடுத்த பூட்டுப் பிளையரால் நெரித்துவிட்டார். (அலை இருந்தால் மூடியைத் திறக்கவே கூடாது. அப்போது நிதானம் ஒன்றுதான் காப்பு.) ஆஃப் ஸ்விட்ச் கயிற்றை உருவிக்கொண்டார். இழுவைக் கயிறு ஹாண்டிலில் இல்லை, மூக்கிலிருக்கிற வளையத்தில். அதுவும் சுருக்கென்று இழுத்தால் அவிழ்கிற முடிச்சு. அவர் பின்பக்கமாக மண்டி போட்டு உட்கார்ந்தார், மூக்கு தண்ணீரில் முழுகாமலிருக்க.

எனக்கும் ஒரு உத்தியோகம் கிடைத்தது. திரும்பி உட்கார்ந்து கயிற்றைப் பார்த்துக்கொண்டே இருப்பது. தொய்ந்தால் குரல் கொடுக்க வேண்டும். விறைத்த கயிற்றுக்கு நேராக மட்டும் உட்காரக் கூடாது; அறுந்தால் சாட்டை மாதிரி வந்து அடிக்கும்.

வேகம்? மணிக்கு 8 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாதாம். சைக்கிளில் கீரை விற்கிறவர் தெருவில் போகிற வேகம். கரை நெருங்கும்போது இன்னும் முன்னதாகவே குறைத்தார் பெரியவர். பின்னால் வருகிற வண்டிக்கு பிரேக் இல்லையே, நம் முதுகில் ஏறிவிடும்!

கரைக்கு வந்து பிளக்கைக் கழற்றினால், முதல் இழுப்பில் புகுந்தது ஒரு ஸ்பூன் தண்ணீர். அவ்வளவுதான், பிழைத்தது. பிளையரை எடுத்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும், இல்லையென்றால் எஞ்சின் சூட்டில் வெந்துவிடும் என்று மைத்துனர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

நான் பர்ஸை எடுத்தேன். கல்லூரியில் படித்திருக்கிறேன். கடலில் பொருளைக் காப்பாற்றியவருக்குக் கூலி உண்டு. அதற்கு சால்வேஜ் என்று பெயர். 1963-ம் வருஷத்து மரைன் இன்ஷூரன்ஸ் சட்டத்திலேயே அந்த வார்த்தை இருக்கிறது. ஐந்நூறு ரூபாயை நீட்டினேன்.

பெரியவர் மீன் கூடையைப் பார்த்தார். எங்களால் ஏலத்துக்கு நேரம் தப்பியிருந்தது. நோட்டைப் பார்த்தார். "வேணாம் சார். கயிறு குடுத்ததுக்குக் காசு வாங்கினா, நாளைக்கு என் எஞ்சின் நின்னா எவன் வருவான்?" என்றார்.

அந்த ஐந்நூறு இன்னும் என் பர்ஸில்தான் இருக்கிறது. எந்தத் தலைப்பில் வரவு வைப்பது என்று தெரியவில்லை.

நேற்று திண்டிவனம் மேம்பாலத்தின் கீழே ஒரு பையன் வியர்க்க வியர்க்க பைக்கைத் தள்ளிக்கொண்டு போனான். பக்கத்தில் போய் ஃபுட்ரெஸ்டில் காலை வைத்தேன்.

"ஹாண்டில் பாரை நேராப் புடி தம்பி" என்றேன். "பயப்படாதே, மெதுவாத்தான் தள்ளுவேன்."