விழுந்து கற்கும் வித்தையல்ல இது

"விழாதவன் வண்டி ஓட்டக் கத்துக்கவே இல்ல" என்ற பேச்சு, கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள டீக்கடைகள் முதல் தேவனாம்பட்டினம் கடற்கரை வரை இளைஞர்களிடம் வேதவாக்காக உலவுகிறது. சட்டைக் கையைச் சுருட்டி முழங்கைத் தழும்பைக் காட்டுகிறார்கள். பின் டயர் ஓரம் வரை தேய்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறார்கள். தேயவில்லை என்றால் வண்டிக்காரன் பயந்தாங்கொள்ளி. "எல்லை எங்க இருக்குன்னு விழுந்தாத்தான் தெரியும். ரேஸ்காரங்க விழலையா? எழுந்து தூசி தட்டிட்டுப் போகலையா?" என்பது அவர்கள் வாதம். இந்த வாதம் அடியோடு தவறு. ஆளைக் கொல்லும் தவறு.

இதன் வேர் சைக்கிளில் இருக்கிறது. முட்டி பெயராமல் சைக்கிள் பழகியவர்கள் நம்மில் குறைவு. பட்டால்தான் தெரியும் என்று அன்று மனத்தில் பதிந்தது, பைக் வாங்கிய பிறகும் போகவில்லை. ஆனால் மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் விழுந்த அதே உடம்பு 80 கி.மீ. வேகத்தில் விழும்போது 64 மடங்கு ஆற்றலைச் சுமந்துகொண்டு போகிறது. முட்டியில் மஞ்சள் பத்துப் போட்டு ஆற்றிய காயத்தை இதோடு ஒப்பிடவே கூடாது.

அவர்கள் தரப்பின் பெரிய சாட்சி பைக் பந்தய வீரர் மார்க் மார்க்கெஸ். 2017-ல் பயிற்சியும் பந்தயமுமாக 27 முறை விழுந்தார்; அந்த ஆண்டின் மோட்டோஜிபி பட்டமும் அவருக்கே கிடைத்தது. சரி, அவர் எங்கே விழுந்தார்? எதிரே வண்டி வராத, ஒரே திசையில் ஓடும் பாதையில். பாதைக்கு வெளியே அகலமான வெற்று நிலம், வேகத்தை உறிஞ்சும் ஜல்லிப் படுகை, ஆபத்தான இடங்களில் காற்றடைத்த தடுப்பு மெத்தை. உடம்பில் முழுத் தோல் உடை, அதற்குள் விழும்போதே விரியும் காற்றுப்பை. பின்னால் வருபவரை எச்சரிக்கக் கொடியோடு மார்ஷல்கள், கூப்பிடு தூரத்தில் மருத்துவர்கள். அவரை எழுந்து நடக்க வைத்தவை இந்த ஏற்பாடுகள். பத்திரமாக விழுவது ஓட்டுபவனின் தனித் திறமை என்று நினைப்பதுதான் இங்கே நடக்கும் முதல் பிழை.

அத்தனை ஏற்பாடும் கைவிட்ட நாளும் உண்டு. 2020 ஜூலையில் ஸ்பெயினின் ஹெரெஸ் பந்தயத்தில் தூக்கி எறியப்பட்ட மார்க்கெஸின் வலது மேற்கை எலும்பு முறிந்தது. அந்தக் கைக்கு நான்கு அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. அடுத்த உலகப் பட்டம் 2025-ல்தான் வந்தது. 27 முறை விழுந்ததைச் சொல்பவர்கள் இந்த ஒருமுறை விழுந்ததைச் சொல்வதில்லை.

நம் மாநிலத்திலேயே நடந்ததைப் பார்ப்போம். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் டிராக் இருக்கிறது. நீளம் சுமார் 3.7 கி.மீ. அங்கே 2023 ஆகஸ்ட் 5 அன்று, தேசிய சாம்பியன்ஷிப் பந்தயத்தில், பெங்களூருவைச் சேர்ந்த 13 வயது ஷ்ரேயஸ் ஹரீஷ் முதல் வளைவை ஒட்டி விழுந்து, தலையில் அடிபட்டு இறந்தான். வெற்றிகளைக் குவித்துக்கொண்டிருந்த பிள்ளை அவன். பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்த இடத்திலேயே விழுவதற்கு இதுதான் விலை என்றால், ஏதுமில்லாத இடத்தில் என்ன விலை?

எல்லையை விழாமலே அறியலாம். டயரின் பிடி ஓர் அளவுக்குட்பட்டது. பிரேக்கும் வளைவும் அதைத்தான் பங்குபோட்டுக்கொள்கின்றன. நன்றாகச் சாய்ந்திருக்கும்போது முன் பிரேக்கை வெடுக்கென்று இறுக்கினால் முன்சக்கரம் நழுவிவிடும். இறுக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால், பிடி தளரத் தொடங்குவதைக் கைப்பிடியும் இருக்கையும் முன்கூட்டியே சொல்லும். அந்தச் சேதியைக் கேட்கப் பழகுவதுதான் பயிற்சி. இருங்காட்டுக்கோட்டைக்கும் வந்து வகுப்பு நடத்தியிருக்கும் கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல், சாயப் பழக்குவதற்கென்றே பக்கவாட்டில் தாங்குசக்கரம் பொருத்திய வண்டி வைத்திருக்கிறது. மாணவன் விழாமல் சாய வேண்டும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு.

"ஆபத்துன்னா வண்டியைப் படுக்கப் போட்டுடணும்" என்பது இந்த நம்பிக்கையின் இன்னொரு கிளை. தாரில் உருளும் ரப்பரின் பிடி, தாரில் உரசும் இரும்புக்குக் கிடையாது. 60 கி.மீ. வேகத்தில் காய்ந்த சாலையில் ஒழுங்காகப் பிரேக் பிடித்தால் ஏறத்தாழ 18 மீட்டரில் வண்டி நிற்கும். படுத்துச் சறுக்கினால் அதைத் தாண்டிப் போகும், அதுவும் திசையை மாற்ற வழியே இல்லாமல். 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் கட்டாயம். அது வண்டியில் இருக்கும்போதே வண்டியைப் போட்டுவிடு என்று சொல்பவன் நண்பன் அல்ல.

கடலூர்–சிதம்பரம் சாலையை ஒருமுறை மெதுவாகப் பாருங்கள். அறுவடைக் காலத்தில் தார்மேல் காயும் நெல், கரும்பு டிராக்டரிலிருந்து சிந்திய சோகை, வளைவில் ஒதுங்கிய மணல், தடுப்பைத் தாண்டும் மாடு, எதிரே முந்திவரும் பேருந்து. சறுக்கிப் போகும் உடம்பைத் தாங்க இங்கே ஜல்லிப் படுகை இல்லை. தடுப்புக்கம்பியின் தூணும் மைல்கல்லும்தான் இருக்கின்றன. தலையில் பலத்த அடி என்றால் பலரைப் புதுச்சேரி ஜிப்மருக்குக் கொண்டு ஓடுகிறோம். வழியில் கரையும் ஒவ்வொரு நிமிடமும் உயிர்.

வேகத்தின்மேல் ஆசை குற்றமில்லை, தம்பிகளே. அந்த ஆசைக்கு இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது. காசு சேர்த்து, முழு உடை அணிந்து, கற்றுத் தருபவர் முன்னால் ஓட்டுங்கள். அதுவரை ஆளில்லாத மைதானத்தில் நேராக ஓட்டிப் பிரேக் பிடிப்பதை மட்டும் பழகுங்கள். ஹெல்மெட் வாரை மாட்டாமல் ஒரு தெருகூடத் தாண்டாதீர்கள். மாவட்ட நிர்வாகம் ஒரு திடலை ஒதுக்கி, உரிமம் வாங்கும் பிள்ளைகளுக்கு அவசர பிரேக்கையும் வளைவையும் கற்றுத் தரட்டும். எட்டுப் போட்டுக் காட்டினால் போதும் என்ற நிலை மாறட்டும். பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: தழும்பைக் காட்டிப் பெருமை பேசும் பையனைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். அவனை உட்காரவைத்து, நீ விழுந்தது உன் பிழை என்று சொல்லுங்கள்.